முல்லையும் பாலையும்: காடு கூறும் மூன்று நாவல்கள்

கற்றார் இருவர் சந்திக்குமிடத்து, “இப்பொழுது நீர் படித்துச் சுவைக்கும் நூல் யாது?” என்று ஒருவரை ஒருவர் வினவுதல் நெடுநாளைய வழக்கமாகும். பண்புடையாரின் நட்புக்கு வள்ளுவர் காட்டிய உவமை, பயிலுந்தோறும் நயம் பெருகும் நூலேயன்றோ? ஆயினும், “சுவைத்தேன்” என்று விடை கூறி அமைவதோடு வாசகன் கடன் தீர்ந்துவிடாது. அச்சுவை நூலின்கண் பிறந்ததா, அன்றிப் படிப்போன் வாழும் நிலத்தின்கண் பிறந்ததா என்று பகுத்துணர்தல் வேண்டும். மாங்குளத்திலிருந்து சில நூல்களை மீண்டும் மீண்டும் படித்து வரும் எனக்கு இவ்வினா அண்மையில் பெரிதும் எழுந்தது. அவ்வாறு எழுந்த எண்ணங்களையே ஈண்டுக் கூற விழைகின்றேன்.

நூல் அரிதாகிய இடத்திற் படிப்பு ஆழமாகின்றது. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த ஆங்கிலேயராகிய றொபேட் நொக்ஸ், தம் கையிலிருந்த சமய நூல்கள் இரண்டினையும் மனப்பாடமாகும் அளவுக்குப் படித்தார். பின்னர் முதியவர் ஒருவரிடம் ஆங்கில வேதாகமம் ஒன்று இருப்பதறிந்து, பின்னல் தொப்பியொன்றை விலையாக ஈந்து அதனைப் பெற்றார். காடு கடந்து அரிப்புக் கோட்டையை அடைந்து தப்பிய அவர், 1681இல் வெளியிட்ட தம் நூலில் இச்செய்தியைப் பதிவு செய்துள்ளார். வன்னியில் வாழ்ந்தோருக்கு இது விளங்காத செய்தியன்று. கண்டி வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கும் மாங்குளத்திற்கு வடபகுதிப் புகைவண்டி 1990 முதல் வரவில்லை. 2013இலேயே அது மீண்டும் ஓடத் தொடங்கிற்று. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரியுண்டமை யாவரும் அறிந்ததே. 2008ஆம் ஆண்டின் இறுதியிற் போர் மாங்குளத்தை எட்டியபோது, பெட்டியிற் கொள்ளும் பொருள்களுள் புத்தகம் கடைசி இடத்தையே பெற்றது. எனவே எம்மிற் பலர், கிடைத்த சிலவற்றையே திரும்பத் திரும்பப் படித்தவராயினோம். இன்று என் மேசையில் உள்ளவை மூன்று நாவல்கள். லெனாட் வூல்வ் 1913இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘காட்டினுள் ஓர் ஊர்’ எனப் பொருள்படும் நாவல் ஒன்று, அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ (1973) மற்றொன்று. செங்கை ஆழியானின் ‘காட்டாறு’ (1977) மூன்றாவது.

மூன்றும் இலங்கையின் உலர் வலயக் காட்டைப் பற்றியவை. இவற்றை ஒப்பிடுதற்குப் பிறமொழி அளவுகோல் வேண்டியதில்லை. நம் முன்னோர் வகுத்த திணைக் கோட்பாடே போதும். காடும் காடு சார்ந்த இடமும் முல்லை. அதன் உரிப்பொருள் இருத்தல். பாலைக்கோ தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து துயர் விளைக்கும் நிலையே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். இவ்விளக்கத்தைக் கையிற் கொண்டு மூன்று நாவல்களையும் நோக்குவோம்.

வூல்வ் 1904இல் இலங்கைக்கு வந்து, முதலில் யாழ்ப்பாணத்திற் பணியாற்றி, 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக விளங்கியவர். அவர் படைத்த பெத்தகம என்னும் சிங்களச் சிற்றூரிற் காடு ஒரு பகைவன். மழை பொய்க்கின்றது, காய்ச்சல் கொல்கின்றது, சேனை வெட்டுதற்குரிய அனுமதி ஊர்த்தலைவனின் விருப்பு வெறுப்பைப் பொறுத்துள்ளது. பொய் வழக்கிற் சிக்கிய பபுன், தனக்கு விளங்காத நீதிமன்றத்தின் தீர்ப்பாற் சிறை செல்கின்றான். சிலிந்து என்னும் வேட்டைக்காரன் இறுதியிற் கொலைகாரனாகின்றான். ஊரார் ஒவ்வொருவராக மறைய, புஞ்சி மெனிக்கா ஒருத்தியே எஞ்சுகின்றாள். காடு அவள் குடிசையின் வாயில்வரை வந்துவிடுகின்றது. முல்லைக்குரிய இருத்தல் இங்கே காத்திருத்தலாக அமையாமல், வர எவரும் இல்லாத வெறும் எஞ்சியிருத்தலாகத் திரிந்துவிட்டது. முல்லை பாலையான கதை இது. ஆட்சியாளரின் மேசையிலிருந்த ஒருவர், தம் ஆட்சியின் நீதி குடியானவனுக்கு எவ்வளவு அந்நியமானது என்பதைத் தாமே கண்டு எழுதியமை இந்நாவலின் தலையாய சிறப்பு. காடு உணவும் நிழலும் தருவதை அவர் பெரும்பாலும் காணாது விட்டமை அதன் குறை.

‘நிலக்கிளி’யின் களம் முல்லைத்தீவுப் பகுதியிலுள்ள தண்ணிமுறிப்பு. ஆசிரியர் அம்மண்ணோடு உறவுடையவர். கதிராமன், பதஞ்சலி என்னும் இளந்தம்பதியரும், அவ்வூருக்கு ஆசிரியராக வந்த சுந்தரலிங்கமும் கதையின் மையம். இங்கே காடு பகையன்று. வெட்டினால் வயலாகும், தேடினால் தேனும் இறைச்சியும் தரும், குளத்தோடு சேர்ந்து ஊரைப் புரக்கும். இடர் காட்டிலிருந்து வருவதைவிட, மனித உள்ளத்தின் எளிய தளர்ச்சியிலிருந்தே மிகுதியும் வருகின்றது. வன்னிப் பேச்சு மொழியை அணியாக ஒட்டவைக்காமல், மாந்தர் மூச்சோடு மூச்சாக வைத்த திறம் போற்றத்தக்கது. புயலையும் வெள்ளத்தையும் கதைத் திருப்பத்திற்குக் கருவியாக்கிய இடத்திற் தற்செயல் சற்று மிகுந்துவிட்டதென்பது என் கருத்து. எனினும் முல்லையை முல்லையாகவே காட்டிய ஈழத்து நாவல்களுள் இதற்குத் தனியிடம் உண்டு.

முல்லை எவ்வாறு பாலையாகின்றது? இவ்வினாவிற்கு விடை கூறுவது ‘காட்டாறு’. செங்கை ஆழியானும் வூல்வைப் போன்றே நிருவாக சேவையில் இருந்தவர், புவியியல் கற்றவர். வன்னிக் குடியானவனின் உழைப்பை அலுவலரும் வணிகரும் கூடிச் சுரண்டும் முறையை அவர் அலுவலகத்தின் உள்ளிருந்தே அறிந்தார். வூல்வ் விதியின் மேல் ஏற்றிய பழியில் ஒரு பகுதியை இவர் மனிதர் மேல் ஏற்றுகின்றார். மாந்தர் சிலர் முழுக்க நல்லவராகவும் சிலர் முழுக்கத் தீயவராகவும் பிரிந்து நிற்றல் கலைக்குச் சிறிது ஊறு விளைத்தாலும், நிலம் தானே திரிவதில்லை, திரிக்கப்படுகின்றது என்னும் உண்மையை இந்நாவல் ஐயமின்றி உணர்த்துகின்றது.

இனி முதலில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். 1984 டிசெம்பரில் தண்ணிமுறிப்பு உள்ளிட்ட எல்லையூர்களின் மக்கள் வெளியேற்றப்பட்டனர். அதன் பின் ‘நிலக்கிளி’யைக் கையிலெடுக்கும் வாசகன், ஒரு நாவலைப் படிப்பதோடு இழந்த ஊரொன்றையும் காண்கின்றான். அவன் கண்கள் கலங்குதல் இயல்பு. ஆனால் அக்கண்ணீரை நூலின் சிறப்பாகக் கணக்கிடுதல் தகாது. நம் ஊர்ப் பெயரும் நம் மரமும் குளமும் அச்சிலேறிய காரணத்தால் நூலொன்றை உயர்த்திப் பேசுவோமாயின், திறனாய்வு உறவு பாராட்டலாகத் தாழ்ந்துவிடும். நல்ல நூலுக்கும் அதனால் நன்மை விளையாது.

இதனைச் சோதித்தறிய எனக்கு உதவியது வூல்வின் நாவலே. பெத்தகம என் ஊரன்று. அதன் மாந்தர் என் மொழி பேசுவோர் அல்லர். ஆயினும், 2009இற் போர் முடிந்தபின் மீளக் குடியேறியோர் தம் முற்றத்திற் பற்றை மண்டிக் கிடக்கவும், கிணற்றின் கட்டை வேர் பிளந்திருக்கவும் கண்ட நாட்களை நினைந்து அந்நாவலின் இறுதிப் பகுதியைப் படித்தபொழுது, நூலை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் வாளாவிருந்தேன். அறியாத ஊரின் துயரை அறிந்த துயராக்குவது கலை. அந்த ஆற்றல் உறவின் துணையின்றியும் நிற்கும். அவ்வளவுகோலால் அளந்த பின்னரும் ‘நிலக்கிளி’ உயர்ந்தே நிற்கின்றது. வன்னியைக் காணாத வாசகனும் பதஞ்சலியை மறக்கமாட்டான். இதனைக் கண்ணீரால் அன்றி ஆராய்ச்சியாற் கூறுதலே அந்நூலுக்கு நாம் செய்யும் மரியாதை.

மாணவர்க்கு ஒரு சொல். ‘நூலகம்’ என்னும் இணையவழி நூலகம் 2005 முதல் ஈழத்து நூல்களைத் தேடித் தொகுத்து எவரும் படிக்குமாறு வழங்கி வருகின்றது. நொக்ஸைப் போலத் தொப்பி விற்று நூல் பெற வேண்டிய காலம் கழிந்தது. ஆனால் அவர் படித்தவாறு படிக்கும் பொறுமை கழிந்துவிடலாகாது. உம் ஊரைப் பற்றிய நாவல் ஒன்றையும், நீவிர் ஒருநாளும் காணாத ஊரைப் பற்றிய நாவல் ஒன்றையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பீராக. பின்னர், “இப்பொழுது நீர் படித்துச் சுவைக்கும் நூல் யாது?” என்று எவரேனும் வினவினால், நூலின் பெயரோடு அது சுவைத்த காரணத்தையும் சேர்த்துக் கூறுவீராக. வினவியவர்க்கு அவ்விடையே ஒரு நூலாகும்.