பார்ன்ஸ் பிளேஸ் வீட்டுக்குள் ஒரு கடல்

கொழும்புக்குப் போகிறவர்களே, அடுத்த முறை கடைத்தெருவைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். பார்ன்ஸ் பிளேஸில் இருக்கிற சபுமல் மன்றத்துக்கு முதலில் போங்கள்!

ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு அது. தான் சேர்த்த ஓவியங்களோடு சேர்த்து, 1974இல் அதை மன்றமாக்கிவிட்டார். எவ்வளவு பெரிய மனசு! 1943இல் தொடங்கிய ‘43 குழு’வின் ஓவியர்கள் அங்கே ஒரே கூரையின் கீழ் கூடியிருக்கிறார்கள். ஜோர்ஜ் கீற்றின் கோடுகளைக் கிட்ட நின்று பாருங்கள். எத்தனை துணிச்சலான கை! புத்தகப் படத்தில் இதில் பாதிகூட வராது.

என்னைக் கட்டிப்போட்டவர் ஐவன் பீரிஸ். சினிமா இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் தம்பி. 1950களில் இங்கிலாந்துக்குப் போய், சவுத்எண்ட் என்ற கடலோர ஊரில் கடைசிவரை வாழ்ந்தவர். அங்கேயும் கடல் இருந்ததுதான். ஆனாலும் அவர் தூரிகை தேடியதோ சிறுவயதில் பார்த்த தெகிவளைக் கரையை. நீண்டு கிடக்கும் மணல், ஒல்லியான மரங்கள், அசையாமல் நிற்கும் மனிதர்கள். அந்த நீலத்துக்குள் சாம்பலும் பச்சையும் படிந்திருப்பது, நேரில் நின்றால்தான் கண்ணுக்குப் பிடிபடும்.

“மாமி, இது நம்மட கடற்கரை மாதிரி இரிக்கி!” என்று என்னோடு வந்த என் தம்பி மகள் சத்தம் போட்டாள். உண்மைதான். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக வளர்ந்த காத்தான்குடிப் பிள்ளைக்கு இந்த ஓவியங்களை யாரும் விளக்கத் தேவையில்லை. சுபஹு தொழுகை முடிந்து வெளிச்சம் பரவும்போது எங்கள் கடல் போட்டுக்கொள்கிற நிறம் அப்படியே அங்கே இருந்தது. அவளை அந்தச் சுவரிலிருந்து கிளப்பவே முடியவில்லை. நானும் கிளப்ப நினைக்கவில்லை!

நேரமிருந்தால் கொள்ளுப்பிட்டி கிரெஸ்கட்டில் உள்ள நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தையும் விடாதீர்கள். 2019இல் தொடங்கியது, நுழைவு இலவசம். சிங்களம், ஆங்கிலத்தோடு தமிழிலும் குறிப்புகள் வைக்கிறார்கள். இன்றைய ஓவியத்தை நம் மொழியில் வாசித்தபடி பார்ப்பதற்காகவே பஸ் ஏறலாம்.

கொழும்பு தூரமென்று சொல்பவர்களுக்குக் கல்லடி இருக்கிறது. அங்குள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துப் பிள்ளைகள் ஓவியக் கண்காட்சி வைத்தால் குடும்பத்தோடு போங்கள். வரைந்தவரே பக்கத்தில் நிற்பார். “இந்த நிறம் ஏன் மகள்?” என்று கேட்டுப் பாருங்கள், எவ்வளவு ஆசையாகச் சொல்வார்!