மோகனுக்கு வந்த நோய்

“பாவம் செய்தான், பலனை அனுபவிக்கிறான்!” என்று புராணிகர் கூறும்போது சிரிக்கிறோம், சீறுகிறோம். அதே கூற்று நம்மவர் நாடகத்திலே கதையாக வரும்போது? கைதட்டுகிறோம்!

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடத்தில் வேலை முடித்து வந்த தோழர்கள் சிலருடன், மங்கலம்பேட்டையிலே ‘இரத்தக் கண்ணீர்’ பற்றி உரையாடிக் கொண்டிருந்தேன். ஒரு தோழர் நடிகவேளின் கரகரத்த குரலை அப்படியே எழுப்பினார். விரல்களையும் மடக்கிக் கொண்டார். எல்லோரும் சிரித்தோம் - நானுந்தான். பிறகுதான் அந்த மடங்கிய விரல்கள் உறுத்தின.

எம். ஆர். இராதா (1907-1979) சிறுவர் நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர். 1937இல் ‘ராஜசேகரன்’ படத்தில் தோன்றியவர். எனினும் மேடையே அவருடைய களம். அவருடைய இராமாயண நாடகம் எழுப்பிய புயலையொட்டி, 1954இல் சென்னை அரசு நாடகங்களைக் கட்டுப்படுத்தச் சட்டமே இயற்றிற்று! அதே ஆண்டில்தான், திருவாரூர் கே. தங்கராசு எழுதிய ‘இரத்தக் கண்ணீர்’, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் திரைக்கு வந்தது. 1967ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சூட்டையும் சிறைவாசத்தையும் பேசுவோர் பலருண்டு. நமக்கு வேண்டியது மோகனசுந்தரம்.

மேல்நாட்டு மோகத்தோடு திரும்பும் செல்வன். தாயை உதைக்கிறான், மனைவியை ஒதுக்குகிறான், காந்தா என்னும் கணிகையிடம் மயங்குகிறான். பிறகு தொழுநோய்! ஒழுக்கக்கேட்டுக்கு உடனடித் தண்டனை! இது எந்த நூல் கற்பித்த மருத்துவம்? தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டு ஆன்சன் கண்டது 1873இல். பாலுறவினால் பரவும் நோயன்று அது. 1940களிலேயே சல்போன் மருந்தும் வந்துவிட்டது. கர்மவினையை வாசலிலே விரட்டிய நாடகம், கொல்லைப்புறக் கதவைத் திறந்து வைத்திருந்தது. பழியோ காந்தாவின் தலையில்!

குறை கதையுடையது. நடிகரோ கதையை மீறி நிற்கிறார். நலமாயிருந்த மோகன் பேசுவது ஆணவம். நோயுற்ற மோகன் பேசுவதே அறிவு. ஊர் ஒதுக்கிய உடலிலிருந்து ஊரைக் குத்தும் கேள்விகள் கிளம்புகின்றன. கொட்டகை இரங்கவில்லை, அவனோடு சேர்ந்து நகைக்கிறது! நோயாளியை அழவைத்துக் காசு பார்த்த படங்கள் ஏராளம்; அவனைக் கேலி செய்யப்படுபவனாக அல்ல, கேலி செய்பவனாக நிறுத்தத் துணிவு வேண்டும். அது இராதாவிடம் இருந்தது.

இறுதியில் மோகன், தன் மனைவி சந்திராவை நண்பன் பாலுவுக்கு மணமுடித்து வைக்கிறான். மறுமணத்தை மேடையேற்றியது புரட்சியே, ஐயமில்லை. ஆனால் தன் உருவைச் சிலையாக்கி, எச்சரிக்கையாக நிறுத்தச் சொல்கிறானே - அந்தச் சிலையைப் பார்த்து எச்சரிக்கை பெற்றவர்கள், தெருவிலே நின்ற நோயாளியை எந்தக் கண்ணால் பார்த்திருப்பார்கள்?

மங்கலம்பேட்டைத் தோழரிடம் இதைச் சொன்னேன். “நடிகவேளையே குறை கூறுகிறீர்களா?” என்றார். ஆம், கூறுகிறேன், எவர் சொன்னாலும் ஆராய்ந்து பார் என்று அவருடைய மேடையிலேதானே கேட்டோம்! தொழுநோயை மணவிலக்குக்குக் காரணமாக வைத்திருந்த சட்டப்பிரிவு இந்நாட்டில் நீக்கப்பட்டது 2019இல்தான் என்றும் சொன்னேன். தோழர் மடக்கிய விரல்களை மெல்ல விரித்துக்கொண்டார்.