மஞ்சள் பட்டைகளின் அழகு

விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர் எந்திர மென்பொருளில் ஹைக்கூ இயங்குதளம் எழும் சில நொடிகள் எனக்கு அலுப்பதே இல்லை. மங்கலாக வரிசை கட்டி நிற்கும் சின்னங்கள் ஒவ்வொன்றாய் ஒளிபெறும். கடைசியில் ராக்கெட் மின்னியதும் நீலத் திரை விரியும். சாளரங்களின் தலையில் மஞ்சள் பட்டை, கோப்பின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு மாதிரி, தலைப்பின் அகலத்துக்கு மட்டும். ஷிஃப்ட் விசையோடு இழுத்தால் விளிம்பின்மேல் வழுக்கி நகரும். பின்னால் மறைந்திருந்த பட்டை எட்டிப்பார்க்கும். விண்டோஸ் விசையோடு இழுத்து ஒரு பட்டையை இன்னொன்றின்மேல் வைத்தால் இரண்டு சாளரமும் ஒரே அடுக்காகும். ஓரத்தோடு ஓரம் வைத்தால் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே நகரும். மென்பொருளிலும் கைவேலை உண்டு என்று அப்போது தோன்றும்.

2001 முதல் தன்னார்வலர்கள் பொறுமையாக இழைத்துவரும் வேலை ஹைக்கூ. அதை மெய்நிகர் எந்திரத்தில் ஓட்டுவதில் தனி நிம்மதி: சொந்தக் கணினியின் வட்டைத் தொட வேண்டாம். ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு எதை வேண்டுமானாலும் கலைத்துப் பார்க்கலாம். ஒரு சொடுக்கில் பழைய நிலை திரும்பிவிடும். அன்றாட வேலைகள் எல்லாவற்றுக்கும் ஹைக்கூ போதாதுதான். ஆனால் திரையில் ஒரு சாளரம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று இத்தனை அக்கறையோடு யோசித்தவர்கள் குறைவு. இலவசமாகவே கிடைக்கிறது, ஒரு மாலை ஒதுக்கி ஓட்டிப் பாருங்கள்.