முன்னால் ஒருத்தி

காஞ்சிப் பட்டைப் பார்க்கத் தெரிந்தவர்கள் உடலின் நிறத்தையும் கரையின் அகலத்தையும் பார்த்ததோடு விலை பேச உட்கார மாட்டார்கள். உடலும் கரையும் சேரும் கோர்வையைத் தடவிப் பார்ப்பார்கள். அங்கே நூல் தளர்ந்திருந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும். ஒரே ஒரு ஸ்ட்ரைக்கரை முன்னால் நிறுத்தி ஆடும் பெண்கள் கால்பந்து அணியைப் பார்க்கும்போது என் கண்ணும் அப்படியொரு சேருமிடத்துக்குத்தான் போகிறது: அவளுக்கும், அவளுக்குப் பின்னால் ஓடிவரும் மூன்று பேருக்கும் நடுவே உள்ள இடம்.

4-2-3-1 என்று பலகையில் எழுதினால் அந்தக் கடைசி 1 பாவமாகத் தெரியும். எதிரணியின் ஸ்டாப்பர்கள் இரண்டு பேர், இவள் ஒருத்தி. ஆனால் அவள் பந்து வாங்க நாலடி கீழே இறங்கினால் ஸ்டாப்பருக்குத் தலைவலி. கூடவே வந்தால் பின்னால் ஓட்டை. வராவிட்டால் இவள் திரும்பிவிடுவாள். முதுகில் முழங்கை அழுந்த, பந்தைக் காலடியில் பிடித்து, ஆள் வந்து சேரும்வரை இரண்டு மூன்று நொடி நிற்கிறாளே, அந்த நொடிகளுக்காக நான் தொண்ணூறு நிமிடமும் உட்காருவேன். பின்னாலிருப்பவர்கள் வந்து சேரவில்லை என்றால் பந்து போய்விடும். பழி மட்டும் அவள் தலையில்.

2022 பெண்கள் யூரோவில் பயிற்சியாளர் சரினா வீக்மன் இங்கிலாந்தின் ஆறு ஆட்டங்களையும் ஒரே பதினொரு பேரை வைத்துத் தொடங்கினார். முன்னால் எலன் வைட். தொடர் முழுக்க அவர் போட்டது 2 கோல், இரண்டும் நார்வேக்கு எதிராக. மாற்று ஆட்டக்காரராக இறங்கிய அலெசியா ருஸ்ஸோ போட்டது 4. அரையிறுதியில் ஸ்வீடனுக்கு எதிராகக் குதிகாலால் தட்டிய கோலைப் பார்க்காதவர் இருக்க முடியாது. எல்லோரும் ருஸ்ஸோவைக் கொண்டாடினார்கள், சரிதான். ஒரு மணி நேரம் வைட் இழுத்தடித்த ஸ்டாப்பர்களின் கால்களுக்கும் அந்த நான்கில் பங்குண்டு என்பது என் கட்சி.

அடுத்த யூரோவின் இறுதிப் போட்டி, 2025 ஜூலை 27, பாசல்: இங்கிலாந்துக்கு ருஸ்ஸோவே முதலிலிருந்து முன்னால் நின்றார். ஸ்பெயின் பந்தை விடவே இல்லை. மரியோனா கல்தென்தே தலையால் முட்டி 25-வது நிமிடத்தில் ஸ்பெயினை முன்னேற்றினார். காயமடைந்த லாரன் ஜேம்ஸுக்குப் பதிலாக வந்த குளோயி கெல்லி 57-வது நிமிடத்தில் இடப்பக்கத்திலிருந்து தூக்கிப் போட, ருஸ்ஸோ தலையால் முட்டிச் சமன் செய்தார். அதுவரை பந்து கிடைக்காமல் ஓடிக்கொண்டே இருந்தவருக்கு ஒரே ஒரு நல்ல கிராஸ் போதுமாக இருந்தது. பெனால்டியில் இங்கிலாந்து 3-1.

முன்னால் நிற்பவளும் பின்னாலிருந்து வருபவளும் சேரும் இந்த ஆட்டத்துக்கு, நம் பக்கத்தில் எனக்குப் பிடித்த ஜோடி நேபாளத்தின் சபித்ரா பண்டாரியும் கடலூர் இந்துமதி கதிரேசனும். 2019 மார்ச்சில் விராட்நகரில் நடந்த தெற்காசியப் பெண்கள் கோப்பையான சாஃப் இறுதிப் போட்டியில் எதிரெதிர் அணி. இந்தியா 3-1 என்று வென்றது, நேபாளத்தின் ஒரே கோல் சபித்ராவுடையது. மே மாதம் லூதியானாவில் இருவரும் மதுரை சேது எஃப்சியின் சட்டையில். மணிப்பூர் போலீஸை 3-1 என்று வீழ்த்தி இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை அந்த அணி தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது. சபித்ரா ஸ்டாப்பரைத் தோளால் தள்ளி இடம் பிடிப்பவர். இந்துமதி நடுக்களத்திலிருந்து கொஞ்சம் தாமதமாக, யாரும் எண்ணாத நேரத்தில் பாக்ஸுக்குள் வருபவர். முன்னால் நிற்பவள் இரண்டு பேரைக் கட்டிவைத்தால்தான் அந்தத் தாமதத்துக்கு மதிப்பு. 4-2-3-1ஐ என் இஷ்டத்துக்கு நிரப்பச் சொன்னால் 1-க்கும் அதன் பின்னால் நடுவிலும் இவர்கள் பெயரைத்தான் எழுதுவேன்.

ஒரே ஒரு குறை, டிவி கேமரா. பந்து போகும் இடமெல்லாம் அது போகிறது. பந்தில்லாமல் ஸ்டாப்பரை இழுத்துக்கொண்டு ஓடும் ஸ்ட்ரைக்கர் திரைக்கு வெளியே போய்விடுகிறாள். மைதானத்துக்குப் போக வாய்த்தால் கோல் கம்பத்துக்குப் பின்னால், முடிந்தவரை மேல் வரிசையில் இடம் பிடியுங்கள். முதல் கால் மணி நேரம் பந்தைப் பார்க்காதீர்கள்.