தீவனத்தில் சேரும் கொழுப்பு, இறைச்சியில் சேரும் கொழுப்பு

மெல்பர்னில் உள்ள ஸ்பிரிங்வேலின் பக்கிங்ஹாம் அவெனியூவில் மாட்டிறைச்சி வாங்குகிறவர்களுக்குத் தெரியும், தசைக்குள் வெள்ளைக் கோடுகளாகக் கொழுப்பு ஓடும் துண்டுதான் விலை கூடியது. அதை அளக்க ஆஸ்திரேலியாவில் 0 முதல் 9 வரை ஆஸ்-மீட் மதிப்பெண் இருக்கிறது. கொழுப்பு எவ்வளவு என்பதை அந்த எண் சொல்லும். எத்தகையது என்பதைச் சொல்லாது. மாட்டுத் தீவனத்தில் கொழுப்பைச் சேர்க்கும் வழக்கத்தில் எனக்குள்ள முதன்மையான மனக்குறை அங்கேதான் தொடங்குகிறது.

குறைந்தது 100 நாள் தீவனப் பட்டியில் நின்ற மாடுதான் இங்கே 'கிரெயின் ஃபெட்' என்று தரம் பெறும். பார்லி, கோதுமை, சோளம் ஆகியவற்றோடு தாவர எண்ணெய், மாட்டுக் கொழுப்பு, முழுப் பருத்திக்கொட்டை ஆகியவையும் தீவனத்தில் சேர்கின்றன. தமிழ்நாட்டில் கறவை மாட்டுக்கும் ஜல்லிக்கட்டுக் காளைக்கும் ஊறவைத்து ஆட்டிக் கொடுக்கிறோமே, அதே பருத்திக்கொட்டைதான். அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய். புரதமும் நார்ச்சத்தும் கூடவே வருகின்றன.

இதன் பலன்கள் உண்மையானவை. மாவுச்சத்தைப் போல இரண்டேகால் மடங்கு ஆற்றல் கொழுப்பில் உண்டு. தானியத்தை அளவுக்கு மீறிக் கொடுத்தால் மாட்டின் முதல் வயிற்றில் அமிலம் பெருகி மாடு நோயுறும். தானியத்தில் ஒரு பகுதியைக் குறைத்துக் கொழுப்பைச் சேர்த்தால், அந்த ஆபத்துத் தணிந்து எடையும் ஏறும். கொழுப்பு செரிக்கும்போது உடலில் எழும் சூடு குறைவு என்பதால் கோடையில் இது பெரிய உதவி. மாடு வெளிவிடும் மீத்தேனும் குறைகிறது. கிப்ஸ்லாந்தின் எலின்பேங்க் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் கறவை மாடுகள் பற்றி 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, தீவனக் கொழுப்பு ஒரு சதவீதப் புள்ளி கூடினால் மீத்தேன் சுமார் 3.5 சதவீதம் குறையும்.

ஆனால் எல்லை குறுகியது. உலர் தீவனத்தில் மொத்தக் கொழுப்பு 6, 7 சதவீதத்தைத் தாண்டினால் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் முடங்குகின்றன. மாடு தீனியைக் குறைத்துக்கொள்ளும். வளர்ச்சிக்காகக் கொடுத்ததே வளர்ச்சியைத் தடுத்துவிடும்.

கொழுப்பைத் தின்றால் தசைக்குள் கொழுப்பு படியும் என்ற நம்பிக்கைக்கும் வலுவான அடிப்படை இல்லை. தசையிடைக் கொழுப்பை உருவாக்க உடல் பெரிதும் நாடுவது தானிய மாவுச்சத்தின் வழியே கிடைக்கும் குளுக்கோஸை. தோலடிக் கொழுப்புக்கு முதன்மையான மூலப்பொருள் அசிட்டேட். எண்ணெயைக் கூட்டினால் உடல் தானே கொழுப்பு உண்டாக்கும் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. கூடுதல் ஆற்றலில் பெரும்பகுதி முதுகிலும் சிறுநீரகத்தைச் சுற்றியும் படிகிறது. அதைக் கடைக்காரர் சீவி எறிகிறார். அதற்குக் காசு கொடுத்தவர் பண்ணைக்காரர்.

பருத்திக்கொட்டையில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதிலுள்ள ஸ்டெர்குலிக், மால்வாலிக் அமிலங்கள், ஸ்டியரிக் அமிலத்தை மென்மையான ஒலியிக் அமிலமாக மாற்றும் நொதியைத் தடுத்துவிடுகின்றன. கொழுப்பு இறுகிப்போகிறது, குளிரறையில் கத்தி இறங்கச் சிரமப்படுகிறது. ஜப்பானுக்கு ஏற்றுமதியாகும் ஆஸ்திரேலிய இறைச்சியில் எழுந்த இந்தக் குறையை 1990களில் இங்குள்ள ஆய்வாளர்கள் ஊன்றிப் படித்தார்கள். ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: ஸ்டியரிக் அமிலம் பால்மிட்டிக் அமிலத்தைப் போல இரத்தக் கொலஸ்ட்ராலை உயர்த்துவதில்லை. இங்கே கெடுவது வாயில் கரையும் மென்மை. வாங்குகிறவர் கூடுதல் விலை கொடுப்பதே அதற்காகத்தான்.

நல்ல எண்ணெயைக் கொடுத்தால் நல்ல கொழுப்பு வந்துவிடாதா? முதல் வயிற்று நுண்ணுயிர்கள் நிறைவுறாக் கொழுப்பில் பெரும்பகுதியை நிறைவுற்றதாக மாற்றிவிடுகின்றன. 1970இல் சிட்னியின் பிராஸ்பெக்டில் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். எண்ணெய்த் துளிகளைப் புரதத்தால் மூடி, அந்தப் புரதத்தை ஃபார்மால்டிஹைடால் இறுக்கி, முதல் வயிற்றைத் தப்பிப் போகச் செய்தார்கள். இறைச்சியில் லினோலியிக் அமிலம் பல மடங்கு கூடியது. நான் மிகவும் மதிக்கும் ஆய்வு இது. ஆயினும் அத்தகைய கொழுப்பு காற்றுப்பட்டால் விரைவில் சிக்கு வாடை அடிக்கும், செலவும் கூடுதல்.

2006இல் எரிக் பொன்னம்பலம், நீல் மேன், ஆன்ட்ரூ சின்க்ளேர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வுதான் என் மனக்குறையை உறுதிசெய்தது. புல் தின்ற மாடு, குறுகிய காலம் தானியம் தின்ற மாடு, நீண்ட காலம் பட்டியில் நின்ற மாடு ஆகியவற்றின் இறைச்சியை அவர்கள் ஒப்பிட்டார்கள். உணவை ஒமேகா-3 மூலம் என்று அழைப்பதற்குரிய அளவைப் புல் தின்ற மாடு மட்டுமே எட்டியது. தானியம் தின்ற மாடுகளின் இறைச்சியில் நிறைவுற்ற கொழுப்பும் டிரான்ஸ் கொழுப்பும் ஏறின.

பட்டிகளை மூடிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. விக்டோரியாவின் புல் கோடையில் காய்ந்துபோகும்; ஆண்டு முழுதும் இறைச்சி வேண்டுமென்றால் தானியம் வேண்டும். ஆற்றலுக்கும் மீத்தேன் குறைப்புக்கும் ஓரளவு கொழுப்பைச் சேர்ப்பதையும் ஆதரிக்கிறேன். தர உயர்வு என்ற பெயரில் அதற்கு விலை ஏற்றுவதைத்தான் ஏற்க முடியவில்லை. மாட்டின் காதிலுள்ள மின்னணு அட்டை அது எந்தப் பண்ணைக்கு எப்போது வந்தது என்பதைத் தேசியப் பதிவேட்டில் ஏற்கெனவே சேர்த்துவிடுகிறது. பட்டியில் நின்ற நாள்களையும், முதன்மைத் தீவனத்தின் பெயரையும், மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிடலாம்.