தொலைவழி வழங்கி நிர்வாகம்: பழுதுநீக்க வழிகாட்டிகள் பற்றிய ஒரு விமர்சனம்

ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ளது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் தொடங்கிவைக்கப்பட்டது. விண்மீன்களை நோக்க வானியலாளர்கள் நெடுங்காலம் மலையேறிச் சென்றனர். இதை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்கு லடாக்கின் ஹன்லேயில், ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் இமாலய சந்திரா தொலைநோக்கியும் உண்டு. அதைப் பெங்களூருக்கு அருகிலுள்ள ஹோசகோட்டேயில் இருந்தே செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இயக்குகின்றனர். இயந்திரம் ஓரிடம், மனிதர் வேறிடம் என்றான பிறகு, ஒரு தவறான கட்டளையின் விலை ஒரு பயணம் ஆகிவிடுகிறது. தொலைவழி நிர்வாகம் கற்பிக்கும் வழிகாட்டிகளை இந்த அளவுகோலால்தான் மதிப்பிட வேண்டும்.

பிழைச்செய்தி சொல்வது என்ன?

இன்று பரவலாகப் பயன்படும் எஸ்எஸ்எச் நெறிமுறையை 1995இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டாட்டு யூலோனென் உருவாக்கினார். பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதே அதற்குக் காரணம். முந்தைய டெல்நெட் கடவுச்சொல்லை மறைக்காமலே அனுப்பியது.

இணைப்பு கிடைக்காதபோது எஸ்எஸ்எச் தரும் செய்திகள் வெவ்வேறு பொருள் உடையவை. ‘டைம்டு அவுட்’ என்றால் பதிலே வரவில்லை. பாதை அறுந்திருக்கலாம், அல்லது ஃபயர்வால் விழுங்கியிருக்கலாம். ‘ரெஃப்யூஸ்டு’ என்றால் பெரும்பாலும் இயந்திரம் உயிருடன் இருக்கிறது. அந்தப் போர்ட்டில் சேவை இயங்கவில்லை. ‘பெர்மிஷன் டினைடு’ என்றால் சேவை வரை சென்றுவிட்டோம், நம் அடையாளம் மட்டும் ஏற்கப்படவில்லை. பல வழிகாட்டிகள் இம்மூன்றுக்கும் ஒரே கட்டளைப் பட்டியலைத் தருகின்றன. மாணவர் அதை ஒட்டிப் பார்க்கிறார். சரியானாலும் ஏன் சரியானது என்று அவருக்குத் தெரிவதில்லை.

ஆபத்தான அறிவுரை

வழங்கியின் சாவி மாறிவிட்டது என்ற எச்சரிக்கை வந்தால், பழைய பதிவை அழித்துவிட்டு மீண்டும் நுழையுமாறு சொல்வதே இவற்றின் பெருங்குறை. வழங்கியை மறுநிறுவல் செய்திருந்தால் அது சரி. இடையில் ஒருவர் புகுந்திருந்தாலும் இதே எச்சரிக்கைதான் வரும். அருகில் இருப்பவரைத் தொலைபேசியில் அழைத்துச் சாவியின் கைரேகையை ஒப்பிட்டுப் பார்ப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். அதைத் தவிர்க்கச் சொல்வது எஸ்எஸ்எச் எதற்காகப் பிறந்ததோ அதையே கைவிடச் சொல்வதாகும்.

பழியை வழிகாட்டிகள் மீது மட்டும் சுமத்த முடியாது. மறுப்பின் காரணத்தை எஸ்எஸ்எச் வேண்டுமென்றே முழுமையாகச் சொல்வதில்லை. சொன்னால் தாக்குபவருக்கும் அது உதவும். விவரம் வழங்கியின் பதிவேட்டில் இருக்கும்; ஆனால் உள்ளே நுழைய முடியாதவர் அதைப் படிக்க முடியாது. ஆகவேதான் மாற்றுவழி ஒன்றை முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும்.

விடுபட்டவை

அமைப்புக் கோப்பை மாற்றும்போது திறந்திருக்கும் அமர்வை மூடக்கூடாது. சேவையை மறுதொடக்கம் செய்யுமுன் கோப்பில் பிழை உள்ளதா எனச் சோதிக்க வேண்டும். பிறகு இரண்டாவது சாளரத்தில் புதிதாக நுழைந்து பார்க்க வேண்டும். ஃபயர்வால் விதியை மாற்றினால், சில நிமிடங்களில் பழைய விதி தானே திரும்புமாறு முன்னேற்பாடு செய்வது நல்லது. புவிநிலைச் செயற்கைக்கோள் சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், அதன் வழியே கட்டளை சென்று பதில் திரும்ப ஏறக்குறைய அரை நொடி ஆகும். இந்தத் தாமதத்தைப் பழுது என்று எண்ணி விசைகளை மீண்டும் மீண்டும் அழுத்துவதும் தவறு.

விரைவாகத் தீர்வு தருவது இவ்வழிகாட்டிகளின் பலம். மேசைக்கு அருகில் உள்ள கணினிக்கு அது போதும். எட்டாத தொலைவில் உள்ள வழங்கிக்குப் பழுதைப் படித்தறியும் பழக்கமே முதல் தேவை. அதைக் கற்பிக்காத வழிகாட்டி அரைகுறையானதே.