அச்சமும் நகையும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்தின் நிலைக்களன்களாக அணங்கையும் விலங்கையும் அடுத்தடுத்து வைத்தார். அவ்வைப்பின் பொருத்தம் தம்பலகாமத்து வயற்காவற் குடிலில் நள்ளிரவில் ஓசை கேட்பவனுக்கு விளங்கும். வந்தது பேயோ யானையோ என அவன் அறியான். நடுங்குபவனுக்கு அச்சம், விடிந்தபின் அதனைக் கேட்போர்க்கோ நகை.

1964இல் ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை' திரைப்படத்தின் பேய்க்கதைக் காட்சி இவ்விரண்டையும் ஒரே வேளையில் நிகழ்விக்கின்றது. படமெடுக்கும் கனவில் திரியும் மகனாக வரும் நாகேஷ், தந்தையாகிய பாலையாவுக்குக் கதை சொல்கின்றார். அதற்குரிய ஒலிகளையும் வாயாலேயே எழுப்புகின்றார். பேய் திரையில் தோன்றுவதேயில்லை. பாலையாவின் முகமே அதனைக் காட்டிவிடுகின்றது. சொல்பவரினும் கேட்பவரே இங்குப் பெரிய நடிகர் எனல் தகும். அவர் அஞ்சுந்தோறும் நாம் நகைக்கின்றோம். நகைக்கு நிலைக்களன் அவர்தம் பேதைமை.

2020இல் வெளிவந்த 'ட்ரூத் சீக்கர்ஸ்' என்னும் பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடர் வேறு வழி செல்கின்றது. இணைய இணைப்புப் பொருத்தும் தொழிலாளியான கஸ், ஓய்வு வேளையில் ஆவிகளைத் தேடித் துப்பறிகின்றான். ஆவிகள் மெய்யாகவே வந்துவிடுவதால், பேதைமை பற்றிய நகை மெலிகின்றது, இது குறையே. ஆயினும் அவன் மனைவியை இழந்தவன். அழுகைக்குத் தொல்காப்பியர் கூறிய இழவு அவனது தேடலினுள் புகுந்துவிடுகின்றது. பாலையாவின் காட்சி அவ்வாழத்தைத் தொட்டதில்லை.